பானெட்டுக்குள் ஜரிகை

அந்த வாடை முதலில் எனக்குத்தான் வந்தது. காரின் பின் சீட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பட்டு கருகினால் ஒரு வாடை வரும், தலைமுடி பொசுங்கினது போல. தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். நூல் அசல்தானா என்று பார்க்க ஓர் இழையை விளக்குத் திரியில் காட்டி முகர்ந்து பார்ப்போம். அதே வாடை ஓடுகிற காருக்குள் எப்படி வரும்? மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மகளிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. வண்டி ஓட்டுகிறவளைக் கலைக்கக் கூடாது என்று விழுங்கிவிட்டேன்.

சுங்குவார்சத்திரம் தாண்டினதும் மறுபடி வந்தது. இந்தத் தடவை மகளே கேட்டாள்.

"எம்மா, ஏதோ தீயுற மாதிரி இல்ல?"

"எனக்கு அப்பவே வந்துதுமா."

"அப்பவேன்னா சொல்ல மாட்டியா?"

ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து வீடு சேர்த்தாள். வழியெல்லாம் நான் அந்த முன் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். புகை வருகிறதா, வருகிறதா என்று. அவர் மட்டும் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது எப்போதும் அப்படித்தான், துவண்டுபோய்விடுவார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சென்னை ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். விடியும்போது அங்கே இருந்தால்தான் படுக்கை கிடைக்கும். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் போனோம். ஒரு மழையில் பஸ் இல்லாமல் போக முடியவில்லை. மறுநாள் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். அதைப் பார்த்தபிறகுதான் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மருமகன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். இருவருமாகச் சேர்ந்து இந்தப் பழைய காரை வாங்கினார்கள். அப்பாவை ஏற்றிப் போகத்தான் வாங்கினோம் என்று மகள் யாரிடமும் சொல்வதில்லை. வேலைக்குப் போக என்றுதான் சொல்வாள்.

எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். அதனால் காரைத் தெருவில் விட முடியாது. தறி வீட்டை ஒட்டின கொட்டகையில் விடுவோம். கழிவு நூல் மூட்டையும் அங்கேதான் தொங்கும். தறியில் அறுந்த இழை, மிஞ்சின ஜரிகைத் துண்டு எல்லாவற்றையும் அதில் போட்டு வைப்போம். ஜரிகைக் கழிவை வாங்க ஆள் வருவான், எந்தத் தறி வீட்டிலும் அதைக் குப்பையில் போட மாட்டார்கள்.

மறுநாள் ஆயுத பூசை. தெருவில் பாவு கிடையாது. மகள் காரைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்தாள். எதிர் வீட்டுத் தம்பி வந்து கைகொடுத்தான். அவனும் நெசவுக்காரன்தான். என்னை அக்கா என்பான், அவரை மாமா என்பான். என் மகளுக்கு அவன் மாமா. அவன் காலையிலேயே பைக்கைப் பைப்பு போட்டுக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தான்.

மகள் முன் மூடியைத் தூக்கிக் குச்சியை முட்டுக்கொடுத்தாள்.

அந்த மூடிக்குள் என்ன இருக்கும் என்று நான் அதற்கு முன் எட்டிப் பார்த்ததே இல்லை. எல்லாம் ஒரே கருப்பு. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கரண்டியால் சுரண்டுகிற அளவுக்கு அப்பியிருந்தது. வேப்பிலைச் சருகு வேறு. பேட்டரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பந்து மாதிரி ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. அந்த வருஷம் எங்கள் தறியில் நெய்த புடவை எல்லாம் அதில் இருந்தது. நடுநடுவே ஜரிகை மின்னியது. ஒரு பக்கம் கருகிக் கிடந்தது.

உள்ளே கட்டிலில் இருந்து அவர் குரல் கொடுத்தார். "இன்னா பாப்பா அது?"

"எலி கூடு கட்டிக்கினு இருக்குதுப்பா. நம்ம நூல்லயே."

"நல்லா நெய்ஞ்சிருக்குதா?"

"பார்டர்கூட போட்டிருக்குது."

"கூலி கேக்காம செஞ்சிருக்குது பாரு. வெரட்டாத."

மகள் சிரிக்கவில்லை. மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டாள். பாய் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆற்காடு போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும் என்றார். மகள் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு விவரம் சொன்னாள்.

"எலிக் கூடா? தீப்பிடிக்காம வந்தீங்களே, அதுவே பெருசு. அந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சேத்துத் தொடச்சு எடுத்துடு மா. வண்டி எப்ப ஓடுச்சு?"

"நேத்து மத்தியானம் பாய்."

"அப்ப ஆறியிருக்கும். சூடு இருக்கும்போது தண்ணி பட்டா வெடிச்சுடும். முதல்ல பேட்டரியில கருப்பு வயரைக் கழட்டு. அதுக்கு முன்னாடி எதுலயும் கை வைக்காதே. அப்புறம் பியூஸ் டப்பா, கரெண்டு எடுக்கிற ஆல்டர்னேட்டர், காத்து போற குழா, மூணையும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிடு. ஷாம்பு தண்ணியில பிரஷ்ஷை நனைச்சுத் தேய், ஈரத்துணியால எடு. பைப்பு போட்டு அடிக்காதே மா, கையெடுத்துக் கும்பிடறேன்."

"எதிர் வீட்டு மாமா பெட்ரோல் போட்டுத் தொடைக்கலாம்ங்கிறாரு பாய்."

"அவரு மீசையில போட்டுத் தொடைக்கச் சொல்லு. போயிடும்."

தெருவில் இருந்த ரெண்டு மூணு பேர் சிரித்துவிட்டார்கள். எதிர் வீட்டுத் தம்பி தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். "எங்க பைக்கை எல்லாம் இப்படித்தான் பண்றோம். போன்ல இருந்துக்கினு பேசறது லேசு" என்று முனகினான்.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் எனக்கு நிற்க வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் உள்ளேயும் இருக்க முடியவில்லை. அடுப்பில் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மறுநாள் விடிந்தால் ஆஸ்பத்திரி. வாடகைக் கார்க்காரர்களை மகள் காலையிலேயே கேட்டுப் பார்த்துவிட்டாள். எங்கள் ஊரில் பூசை போட்ட வண்டியை மறுபூசை ஆகிற வரைக்கும் எடுக்க மாட்டார்கள், சாவி சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். "பத்து மணிக்கு மேல வர்றேன் மா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பத்து மணிக்குப் போய் யாருக்கு ஆகும்? அன்றைக்கே அவர் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேலே வர நேரம் எடுத்தது.

ஸ்பேனர் எங்கே வைத்தோம் என்று மகளுக்குத் தெரியவில்லை. எதிர் வீட்டுத் தம்பி, "எங்கிட்ட இருக்குது, எடுத்தாரேன்" என்று பெட்ரோல் பாட்டிலைக் காரின் விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போனான்.

மகளுக்குப் பொறுமை இல்லை. "அதுக்குள்ள இந்தக் குப்பையை எடுத்துப் போட்டுடறேன்" என்று கூட்டைக் கையால் பற்றி இழுத்தாள். கொத்தாக வந்தது. அதிலிருந்து நீளமாக ஒன்று பிரிந்து தொங்கியது.

பார்க்கிறவர்களுக்கு அது நூல். ஆனால் ஜரிகை என்பது நூல் இல்லை. உள்ளே ஒரு பட்டு இழை, அதைச் சுற்றி முழுக்க வெள்ளிக் கம்பி. தறி வீட்டில் மின்சார ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஜரிகை சுற்றின கண்டை வைக்கக் கூடாது என்று பிள்ளைகளை எத்தனை தடவை அடித்திருக்கிறோம்.

"ஜரிகை" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அது பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது. டப் என்று ஒரு சத்தம். தீக்குச்சி உரசினாற்போல ஒரு வெளிச்சம், இழை முழுக்கச் சிவந்து, அடுத்த நொடி இல்லை. ஒரு கரிக்கோடு மட்டும் இருந்தது. அதே வாடை. மகள் கையை உதறிவிட்டு அப்படியே நின்றாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் அந்த பாட்டில், மூடி சரியாகக்கூடத் திருகாமல்.

எதிர் வீட்டுத் தம்பி ஸ்பேனரோடு வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். ஸ்பேனரை மகள் கையில் கொடுத்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவன் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் வைத்துவிட்டு வந்தான். வாசலருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, மாமா கிட்ட சொல்லிடாத."

உள்ளேயிருந்து அவர் சொன்னார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது மாப்ளே. கிட்னிதான் போயிருக்குது."

அதற்குப்பிறகு மகள் எல்லாவற்றையும் பாய் சொன்ன வரிசைப்படியே செய்தாள். கருப்பு வயரைக் கழற்றி, அதன் முனையில் துணியைச் சுற்றி ஒதுக்கி வைத்தாள். என்னிடம் பை கேட்டாள். கதவு ஆணியில் தொங்கின பைகளை அவசரத்தில் எது என்று பார்க்காமல் உருவிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் போர்த்திக் கட்டினாள். காற்று போகிற குழாய் என்று பாய் சொன்னாரே, அது கீழே, முன்பக்கம், யானைத் துதிக்கை மாதிரி வளைந்து இருந்தது. அதற்குள் கையை விட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டினாள். துடைக்க நான் வழக்கம்போலக் கழிவு நூலை ஒரு கை அள்ளிக்கொண்டு போனேன்.

"நூலே வேணாம்மா. இன்னிக்கி நூல் பேச்சே எடுக்காத. துணி குடு."

அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். ஷாம்பு நுரையைப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்த்தாள். கருப்புச் சாறு வடிந்தது. நான் துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தேன். எந்த நேரம் தெருவில் இறங்கினேன், எந்த நேரம் முந்தானையை இடுப்பில் செருகினேன் என்று எனக்கே தெரியாது. வேலை கையில் இருந்தால் யார் பார்க்கிறார்கள் என்பது மறந்துபோகிறது. அழுக்குக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக நிறம் வந்தது. ஒரு மூடி மஞ்சளாக இருந்திருக்கிறது, ஒன்று நீலம். இத்தனை நாள் அது எங்களுக்குத் தெரியாது.

எலி கடித்த வயர் ஒன்றே ஒன்று இருந்தது. உள்ளே செம்பு தெரியவில்லை, மேல்தோல்தான். மகள் அதைப் போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பினாள். டேப் சுற்று, வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

அப்புறம் காய வேண்டும். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. நான் வானத்தைப் பார்ப்பேன், காரைப் பார்ப்பேன், அவர் காலைப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். "காலு எங்கயும் ஓடிப் போவாது, நீ போய் உக்காரு" என்பார். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எதிர் வீட்டுத் தம்பி அவன் தறிக்கூடத்து மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து, வயரை இழுத்து, இஞ்சினுக்கு முன்னால் சுழலவிட்டான். கோலம் போட வந்த பக்கத்து வீட்டம்மா நின்று பார்த்தாள்.

"எங்க வீட்டு மாப்ளைக்குக் கூட இப்படி விசிறினது இல்லமா."

"மாப்ளை இன்னா, நாளைக்கு விடிகாலையில கெளம்பணுமா?" என்றாள் மகள்.

நல்லவேளை, மழை வரவில்லை. பொழுது சாயும்போது மகள் பைகளை அவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து மருமகன் போனில் கூப்பிட்டார். பேசிக்கொண்டே பேட்டரி வயரை மாட்டினாள். பூசைக்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. பூசை ஆனபிறகு விடியும் வரைக்கும் தொடக் கூடாது.

சாவியைத் திருகினாள். பிடித்தது. அப்பாடா என்பதற்குள், கக்கக் என்று இருமி நின்றுவிட்டது. மறுபடி திருகினாள். பிடித்தது, இருமியது, நின்றது.

"தண்ணி எங்கயோ போயிடுச்சு மா" என்றாள். பாய் போனை எடுக்கவில்லை. எதிர் வீட்டுத் தம்பி தள்ளிப் பார்க்கலாமா என்றான். இன்னொருவர் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றார். காய இன்னும் எங்கே நேரம்? மகள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பெட்ரோலும் வேண்டாம் பைப்பும் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள். அவளைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரே பை கட்டுவார், யாரையும் தொட விட மாட்டார். போர்வை, பிரெட், குல்லா, பாட்டு கேட்கிற சின்னப் பெட்டி, எல்லாம் கட்டில் மேல் அடுக்கி இருந்தது.

"ஏய், என் பையி எங்கடி? பச்சைப் பையி."

"இப்ப அதுதான் முக்கியமா?"

"பையி இல்லாம எப்படிப் போறது?"

போவதே எப்படி என்று தெரியவில்லை, இவருக்குப் பை என்று எனக்குக் கோபமாக வந்தது. "அங்கதான் ஆணியில இருக்கும்" என்று கதவைப் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. காலையில் நான் உருவின பைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவிழ்த்த பைகள் வாசலில் கிடந்தன. அதில் வெள்ளை இருந்தது, மஞ்சள் இருந்தது. பச்சை இல்லை.

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்கள் காரைச் சுற்றிக் குனிந்துகொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்வது? அந்தக் குழாயின் பெயரும் வாயில் வரவில்லை. "தள்ளுப்பா" என்றேன். இந்தத் தடவை கேட்டது. எல்லோரும் விலகினார்கள்.

"எம்மா, கை வைக்காத, இரு" என்று மகள் சாவியைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப சொல்லு, இன்னா?"

கையை உள்ளே விட்டு, முன்பக்கம் கீழே, அந்தத் துதிக்கையைத் தடவினேன். நைலான் பை விரலில் பட்டது. முடிச்சை அவிழ்த்து வெளியே எடுத்தேன். அவருடைய பச்சைப் பை, உள்பக்கமாக உறிஞ்சப்பட்டுச் சுருங்கிப்போயிருந்தது.

மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

பிடித்தது. நிற்கவில்லை. கொஞ்சம் ஆவி வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. ஈரம் முழுக்கப் போகட்டும் என்று வெகுநேரம் ஓடவிட்டாள். எதிர் வீட்டுத் தம்பி வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "மாமா, உன் பையை மாட்டிக்கினு மூச்சு முட்டிச்சு வண்டிக்கு."

"நான் தினமும் அந்தப் பையை மாட்டிக்கினுதான் இருக்கறேன். எனக்கு முட்டலியா?"

அதன்பிறகுதான் பூசை போட்டோம். மகள் இஞ்சினுக்குச் சந்தனம் வைக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு மூடியின் மேலேயே வைத்தாள். பூவும் உள்ளே வேண்டாம் என்றாள். பையைத் துவைத்து மின்விசிறி முன்னால் காயப்போட்டேன். சுண்டலில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அவருக்கு உப்பு ஆகாது, நல்லதாகப் போயிற்று, ஆசைப்படாமல் இருந்தார்.

விடியற்காலையில் எதிர் வீட்டுத் தம்பி எங்களுக்கு முன்னால் எழுந்து நின்றான். ஊருக்கெல்லாம் பத்து மணிக்கு மறுபூசை, எங்களுக்கு மட்டும் அப்போதே. கற்பூரம் காட்டினேன், அவன் தேங்காய் உடைத்தான். அவர் பின் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து முகர்ந்து பார்த்து, "ஷாம்பு வாடை அடிக்குது" என்றார்.

வழியெல்லாம் நான் மூக்கைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சந்தனம் வந்தது, ஷாம்பு வந்தது. பட்டு வாடை வரவில்லை. சுங்குவார்சத்திரத்தில் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் வரவில்லை. விடியும்போது அவருக்குப் படுக்கை கிடைத்துவிட்டது.

கழிவு நூல் மூட்டையைக் கொட்டகையிலிருந்து எடுத்து வீட்டுக்குள் தகர டப்பாவில் போட்டுவிட்டோம். ஆனால் எலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதனால் இப்போதும் ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் மகள் மூடியைத் தூக்கி டார்ச் அடிக்கிறாள், நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறேன். தூக்குவதற்கு முன்னால் மூடியின் மேல் இரண்டு தட்டு தட்டுகிறேன். நேற்றும் தட்டினேன். உள்ளே உட்கார்ந்திருந்த அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"உள்ள யாரு இருந்தாலும் எழுந்து போங்கபா. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போவணும்."